அப்பாவின் மாத்திரை

ஜாலான் புசார் சாலைக்குப் பின்புறம் நகராட்சிக் குவாட்டர்ஸில் குடியிருந்த மண்டோர் இஞ்ஞாசியிடம், “உங்க மக என்ன வேலை பாக்குது?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதர் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். ரோடு போடும் ஆட்கள் நாற்பது பேரை ஒரே அதட்டலில் வேலை வாங்குகிறவர்தான். இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு வாய் எழாது. “பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாக்குறா” என்பார். பெண் கேட்டு வந்தவர்கள், “என்ன ரத்தம், மலேரியாவா?” என்று துருவினால், “ஆமா, அந்த மாதிரிதான்” என்று சொல்லிப் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்.

மலேரியாவாவது மண்ணாங்கட்டியாவது. மகள் டாக்டர் அல்போன்சம்மாள் ஆராய்ந்துகொண்டிருந்தது, ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கிற சுரப்பியில் வரும் புற்றுநோயை. புராஸ்டேட் என்று அதற்குப் பெயர். முப்பத்தோரு வயதாகியும் கல்யாணமாகாத பெண் இந்த ஆராய்ச்சி செய்கிறாள் என்று எந்தத் தகப்பன் வாய்விட்டுச் சொல்வான்? அவளும் அந்தப் பெயரை வீட்டில் எடுத்ததில்லை. உபகாரச் சம்பளத்தில் ஸ்காட்லாந்துக்குப் போனபோதுகூட ‘மேல்படிப்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சொல்லியிருப்பாள். அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘ஐஸ் டாக்டரம்மா’ என்று பெயர். காரணம் இருக்கிறது. இந்த நோய் முற்றினால் அந்தச் சுரப்பியிலிருந்து ஒரு நொதி ரத்தத்தில் கசியும். பரிசோதனைக் குழாயில் மருந்து விட்டால் நீல நிறம் காட்டும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ நோய் அவ்வளவு. வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் ஊர்க் குளிருக்குச் சரி. இங்கே வார்டில் எடுத்த ரத்தம் மத்தியானம் வரை தட்டிலேயே கிடந்து, வெக்கையில் நொதி செத்து, மாடியில் இருக்கும் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது நீலமே இருக்காது. எலும்பு வரைக்கும் நோய் பரவிய மனிதனை ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவள் அல்போன்சம்மாள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஐஸ் உருண்டை விற்கிறவரிடம் ஐஸ் வாங்கி, ஃபிளாஸ்க்கில் நிரப்பி, உதவியாளர் ஹலீமாவை வார்டுக்கும் மாடிக்கும் ஓடவைத்து, கம்பவுண்டர்களிடம் சண்டை போட்டு நிரூபித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பிறகு அவள் எழுதி அனுப்பும் எண்ணைப் பெரிய டாக்டர்களும் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள்.

அப்படி வந்த குழாய்களில் ஒன்றில், ஐம்பத்தெட்டாம் வருஷத்து நடுவில், ‘இஞ்ஞாசி, மண்டோர்’ என்று ஒட்டியிருந்தது. அப்பா இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். தார்ப் பீப்பாயைத் தூக்கியிருப்பார் என்று நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததை அவர் சொல்லவில்லை. குழாயில் நீலம் ஏறியது. கறுப்பாகிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஏறியது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ பேருடைய அப்பாக்களின் நீலத்தைப் பார்த்தவள்தான். அன்றைக்குக் குழாயில் ஒட்டியிருந்த பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சர்ஜன் டாக்டர் லிம் அப்பாவுக்குச் சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெண்ணின் உடம்பில் ஊறும் சுரப்பைப் போலச் செய்த மாத்திரை. ஆண் சுரப்பை அடக்கி நோயைப் பட்டினி போடும். தினமும் போட்டால் வருஷக்கணக்கில் நிம்மதியாக இருக்கலாம். ஒரே ஒரு தொல்லை, ஆணுக்கு மார்பு வீங்கும். இதைச் சொல்ல டாக்டருக்குத் தெரிந்த கடைத்தெருப் பசார் மலாய் போதவில்லை. மகள்தான் டாக்டராயிற்றே, தமிழில் பதமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆணுக்கு ஆண் டாக்டரே சொல்லியிருப்பார் என்று மகள் நினைத்தாள். ஆக, இஞ்ஞாசிக்கு யாருமே சொல்லவில்லை.

காலையில் அப்பாவுக்குக் கோப்பி கொடுக்கும்போது சாசரில் அந்த மாத்திரையையும் வைப்பாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த இடத்து நோய்க்கான மருந்தைப் பெற்ற தகப்பன் விழுங்குவதை மகள் நின்று வேடிக்கை பார்ப்பது எப்படி? அதுதான் மரியாதை என்று நினைத்தாள்.

“போட்டாச்சாப்பா?”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. மாத்திரை வேலை செய்தது. நீலம் வெளிறிக்கொண்டே வந்தது, இடுப்பு வலி போயிற்று, அப்பா பழையபடி லாரியில் தாவி ஏறினார். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவளே மாவு பிசைந்து பலகாரம் சுட்டாள். பாதி தீய்ந்துபோனது. அப்பா அதையும் நல்லாயிருக்கு என்று தின்றார்.

ஜனவரியிலிருந்து நீலம் மறுபடி ஏறத் தொடங்கியது.

முதலில் அவள் ஐஸைச் சந்தேகப்பட்டாள். புது ஃபிளாஸ்க் வாங்கினாள். கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். பாவம் ஹலீமா, அவளையும் காரணமில்லாமல் கடிந்துகொண்டாள். அடுத்த மாதம் இன்னும் ஏறியது. மாத்திரைக்கு நோய் பழகிவிட்டால் நீலம் இப்படித்தான் திரும்ப ஏறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் சில மாதங்கள்தான் என்றும் அதிலேயே இருக்கிறது. அவளுடைய நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகியிருந்தது. இந்த ஊர் ஆண்களுக்கு மருந்து சீக்கிரம் பலனிழக்கிறது என்று அவள் ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்திருந்தாள். இப்போது அந்தக் கட்டுரையில் அப்பாவும் ஒரு புள்ளி.

ஐஸ் பெட்டி முன்னால் நின்று அவள் அழுததை ஹலீமா பார்த்துவிட்டாள். “ஐஸ் நிறைய இருக்கு டாக்டர்” என்றாள் மலாயில். வேறென்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அப்பா கொஞ்சம் மாறித்தான் போயிருந்தார். சாயங்காலம் வேலை விட்டு வந்தால் குவாட்டர்ஸ் ஆண்களெல்லாம் குழாயடித் தொட்டியைச் சுற்றி நின்று, கோவணத்தோடு ஊற்றிக்கொண்டு, அரட்டை அடித்துக் குளிப்பார்கள். இஞ்ஞாசி பனியனைக் கழற்றாமல் குளிக்க ஆரம்பித்தார். “என்ன மண்டோரே, கவர்னர் வீட்டு விருந்துக்கா போறீங்க, சட்டையோட குளிக்கிறீங்க?” என்று பக்கத்து வீட்டு மருதப்பன் கேலி செய்தது அல்போன்சம்மாள் காதிலும் விழுந்தது. அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தைலம் வாங்கி வைத்தாள். படித்த படிப்பெல்லாம் அந்த நேரம் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

ஈஸ்டர் வந்தது. ஓஃபீர் ரோட்டு மாதா கோவிலில் காலைப் பூசை. அப்பாவும் மகளும் வழக்கம்போல வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தார்கள். நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்கும் நேரம் வந்ததும் அவள் எழுந்தாள். அப்பா எழவில்லை. ஈஸ்டருக்கு நன்மை வாங்காத கத்தோலிக்கன் உண்டா? வரிசையில் போனவர்கள் மண்டோரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

உடம்பைப் பற்றித்தான் மகள் அப்பாவைக் கேட்கக் கூடாது. ஆன்மாவைப் பற்றிக் கேட்கலாம். வீட்டுக்கு வந்து கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“ஏம்ப்பா நன்மை வாங்கல?”

“விடு பாப்பா.”

“பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்கல்ல, போன சனிக்கிழமை?”

“பண்ணினேன். பாவத்தைச் சொன்னதும் சாமியார் ஒரு கட்டளை போட்டாரு. அதைச் செய்யாம எப்படிப் போய் நன்மை வாங்குறது?”

“என்ன கட்டளை?”

இஞ்ஞாசி கோப்பியை ஊதினார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. “உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். அதுக்குப் பதிலா எத்தனை ஜெபமாலை வேணும்னாலும் சொல்றேன் சாமின்னு கெஞ்சினேன். முடியவே முடியாதுன்னுட்டாரு.”

“சொல்லுங்கப்பா.”

“அந்த மாத்திரைய நான் முழுங்கல. கிறிஸ்மஸ் முடிஞ்சதுலேருந்து முழுங்கல. நீ அந்தாண்ட திரும்புவல்ல, அப்ப எடுத்து சட்டைப் பையில போட்டுக்குவேன். போற வழியில சாக்கடையில போட்டுருவேன். தினமும் உங்கிட்டப் பொய் சொன்னேன் பாப்பா.”

அல்போன்சம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டாள். மருந்து பலனிழக்கவில்லை. அப்பா சாகப் போவதில்லை. மாத்திரையை வாயில் போட்டால் போதும், அப்பா இருப்பார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது, அழுகை கோபமாக மாறியது. “நான் மூணு மாசமா செத்துப் பொழைக்கிறேன், உங்களுக்கு என்னப்பா கேடு?” என்று கேட்டாள். பெற்ற தகப்பனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனார். “உடம்பு மாறுது. குழாயடியில மருதப்பன் பாத்துட்டான். மண்டோர் பால் கடை வைக்கலாம்னான். அத்தனை பேரும் சிரிச்சானுங்க. எங்கிட்ட வேலை செய்றவனுங்க.”

அவள் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னாள். சுரப்பி எங்கே இருக்கிறது, நோய் எப்படி வருகிறது, மாத்திரை என்ன செய்கிறது, மார்பு ஏன் வீங்குகிறது, எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொன்னாள். இஞ்ஞாசிக்குக் காது சிவந்துபோனது. ஆனாலும் எழுந்து போகவில்லை, கடைசி வரை கேட்டார்.

“போட்டா எத்தனை நாள் இருப்பேன்?”

“வருஷக்கணக்குல இருக்கலாம்ப்பா. போடலன்னா அடுத்த கிறிஸ்மஸ் சந்தேகம்.”

இஞ்ஞாசி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். “பொம்பள உடம்போட கெடக்குறதுக்கு ஆம்பளையாவே போய்ச் சேர்ந்துர்றேன் பாப்பா. உங்கம்மாகிட்டப் போகும்போது அவ என்னைய அடையாளம் கண்டுக்கணும்லா.”

“அம்மா கண்டுக்குவாங்க. அவசரப்பட்டுப் போக வேணாம். எனக்கு ஆம்பளை வேணாம்ப்பா. எனக்கு அப்பா வேணும்.”

மறுநாள் காலையில் அவள் சாசரில் மாத்திரையை வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றாள். அவர் கோப்பியைக் குடித்தார், மாத்திரையைத் தொடாமல் வேலைக்குப் போனார். சாக்கடையில் போடவில்லை என்பதே பெரிய விஷயம் என்று நினைத்து, அவள் அதைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வியாழக்கிழமை அவருக்குக் கிளினிக் நாள்.

மாடியில் அந்தக் கட்டுரை பாதி எழுதியபடி கிடந்தது. மூன்றில் ஒருவர். ஐஸை விசாரித்தாள், கரைசலை விசாரித்தாள், ஹலீமாவை விசாரித்தாள். விழுங்கினீர்களா என்று ஒரு மனிதரையும் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அப்பாவைப் போல இன்னும் எத்தனை பேர் பனியனோடு குளித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டுரையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை காலையில் முதல் தடவையாகக் கீழே கிளினிக்குக்கு இறங்கி வந்தாள்.

வராந்தா பெஞ்சில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அப்பா. அவளைப் பார்த்ததும், தெரியாதவரைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் வடிவேலு இருந்தார், சிராங்கூன் ரோட்டு அரிசிக் கடையில் வேலை பார்ப்பவர். அவருடைய நீலமும் இறங்கிவிட்டு மறுபடி ஏறியிருந்தது. புழுங்கித் தள்ளுகிற அந்த வெக்கையில் கோட்டுப் போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டியிருந்தார்.

“மாத்திரை போடுறீங்களா ஐயா?”

“போடுறேன்லா டாக்டரம்மா. தினமும் போடுறேன்.”

“ஒரு நாள்கூட விடாம?”

“விடாமத்தான்.”

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? அப்பா வயதுள்ள அந்நிய ஆணிடம், கோட்டைக் கழற்றுங்கள், மார்பைக் காட்டுங்கள் என்று பத்துப் பேர் முன்னால் எப்படிக் கேட்பது? “சரிங்க ஐயா” என்று சொல்லித் திரும்பினாள்.

“அண்ணே” என்று ஒரு குரல் கேட்டது. அப்பாவின் குரல்.

இஞ்ஞாசி எழுந்து வடிவேலுக்கு முன்னால் வந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். “அப்பா, வேணாம்” என்றாள் அல்போன்சம்மாள். அவர் காதில் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பனியனையும் தலைக்கு மேலாக உருவினார். வெயிலில் கறுத்த கழுத்துக்குக் கீழே, மண்டோரின் அகன்ற மார்பு இரண்டு பக்கமும் மெத்தென்று எழும்பியிருந்தது. மாத்திரையை நிறுத்தியும் அது முழுக்க வற்றவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

“பாத்துக்குங்க அண்ணே. எனக்கும் இருக்கு,” என்றார். “நீங்க இப்பச் சொன்ன பொய்யத்தான் நானும் சொன்னேன். பெத்த மககிட்டயே சொன்னேன். இவதான் என் மக. இந்த நோவைத்தான் படிச்சிட்டு வந்திருக்கா. மாத்திரை போட்டா உயிரு நிக்குமாம். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வடிவேலு அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி கேட்டார். “சட்டை உரசினா எரியுதா உங்களுக்கு?”

“எரியும். குப்புறப் படுக்க முடியாது.”

“எனக்கும்லா,” என்றார் வடிவேலு. கண் கலங்கிவிட்டது. “பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.”

இஞ்ஞாசி மகளிடம் கையை நீட்டினார். “பாப்பா, அந்த மாத்திரை வச்சிருக்கியா?”

அல்போன்சம்மாள் கைப்பையைத் திறந்து காகிதப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கண்ணீரில் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி அவளுக்குக் காட்டினார்.

வடிவேலு கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். உள்பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே அன்றைக்குக் காலையில் அவர் விழுங்கியிருக்க வேண்டிய வெள்ளை மாத்திரை இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா டாக்டரம்மா?” என்று கேட்டார்.